கம்பெனி வண்டி வந்து சேரும் நேரத்தில் நூலகம் திறந்திருக்குமா?

திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலை வெயில் ஏறுவதற்குள் கம்பெனி வண்டிகள் வந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகள், வேன்கள். ஏறுபவர்களில் பெண்களே அதிகம். கையில் சாப்பாட்டுக் கூடை, கழுத்தில் அடையாள அட்டை. பகல் முழுக்க மெஷினில் அப்பர் தைத்து, சோல் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பிரிட்டனுக்கும் போகிற காலணிகளை முடித்துக் கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அதே வண்டியில் திரும்புகிறார்கள். அவர்கள் இறங்கும்போது அரசு நூலகத்தின் கதவு பூட்டப்பட்டிருக்கும். இல்லையென்றால் நூலகர் சாவியைக் கையில் எடுத்திருப்பார்.

இவர்கள் படிக்கத் தெரியாதவர்களா? இவர்களுடைய அம்மாக்களில் பலர் கைநாட்டு வைத்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பாடப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்த தலைமுறை இது. பொதுத்தேர்வு முடிந்த அன்று கீழே வைத்த புத்தகம் அதன்பின் அவர்கள் கைக்கு வரவில்லை. அரசுப் பள்ளி பன்னிரண்டு ஆண்டு பாடுபட்டு உண்டாக்கிய ஒரு திறமை, பதினெட்டு வயதில் வேலையில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. தோல் தொழிலை நம்பியிருக்கும் இந்தப் பகுதியில் பொது நூலகத்துக்கு இதைவிட முக்கியமான வேலை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"மக்கள் நூலகத்துக்கு வருவதில்லை" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். கைபேசி வந்துவிட்டது, வாசிப்பு போய்விட்டது என்று காரணமும் சொல்லிவிடுகிறோம். அந்த முடிவுக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு ஓய்வு எப்போது? அவர்கள் கைக்கு எந்த நூல் போக வேண்டும்? நூலகத்தின் நேரமும் அலமாரியும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக அமைந்தால், வருவார்களா மாட்டார்களா என்ற கேள்வி தானாக அடங்கிவிடும்.

மன்னார்குடியிலிருந்து புறப்பட்ட வண்டி

இந்த மூன்று கேள்விகளையும் உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் நம் ஊர்க்காரர். 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீ.இரா.அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் வகுத்து வெளியிட்ட ஆண்டு 1931. இன்று எந்த நாட்டில் நூலகம் பற்றிப் படித்தாலும் அந்த ஐந்து விதிகளில்தான் தொடங்குகிறார்கள். அவற்றில் முதல் விதி, நூல் பயன்படுத்துவதற்கே உரியது என்பது. அதை விளக்கும்போது அவர் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலியும் அலமாரியும் எப்படி அமைய வேண்டும், அங்கே பணியாற்றுபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். நூல்களைக் காப்பாற்றும் வசதிக்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ நேரத்தை வகுக்கக் கூடாது என்பது அவருக்கு விதியின் முதல் பகுதியாகவே இருந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்த முதல் விதியே இன்னும் வந்து சேரவில்லை.

அதே 1931இல், அக்டோபர் மாதம், மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். சென்னை நூலகச் சங்கம் 1928இல் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தார்ச் சாலை இல்லாத காலம். எழுத்தறிந்தவர்களே குறைவாக இருந்த காலம். அந்த வண்டி ஊருக்குள் போனது, நூல்களைக் கொடுத்தது, குறித்த நாளில் திரும்பப் போய் வாங்கிக்கொண்டு வேறு நூல்களைக் கொடுத்தது. இந்தியாவின் நடமாடும் நூலக வரலாற்றில் அந்த வண்டிக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

நாட்றம்பள்ளிக்கு இன்று மாட்டு வண்டி தேவையில்லை. வண்டிகள் ஏற்கெனவே ஓடுகின்றன. தினமும், தவறாமல், ஒவ்வொரு கிராமத்தின் நிறுத்தத்துக்கும் வந்து போகின்றன. ஒரு கம்பெனி வண்டியில் நாற்பது ஐம்பது பேர், பலருக்கு ஒரு வழிப் பயணமே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அந்த வண்டியில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதில் அறுபது நூல்கள், கூடவே ஒரு பதிவு நோட்டு. வண்டியில் வரும் பெண்களில் ஒருவரே அதற்குப் பொறுப்பு. மாதம் ஒருமுறை நூலகத்தில் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் புதுத் திட்டம் தீட்ட வேண்டியதில்லை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் என நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் மூலம் நூல்களைக் கொண்டு சேர்க்கும் 'நூலக நண்பர்கள் திட்டம்' தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. வர இயலாதவர்கள் பட்டியலில் காலை போய் இரவு திரும்பும் தொழிலாளியையும் சேர்த்தால் போதும். தன்னார்வலர் அவருடைய பக்கத்து இருக்கையிலேயே இருப்பார்.

களைத்துப்போய் வருகிறவர்களுக்குப் படிக்க மனம் இருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எட்டு மணி நேரம் ஊசியைப் பார்த்த கண் எழுத்தைப் பார்க்க மறுக்கும் நாள்கள் உண்டு. ஆனால் அதே கண் அதே வண்டியில் கைபேசித் திரையில் சீரியல் பார்க்கிறது. கதை கேட்கும் ஆசை களைப்பில் தீர்ந்துபோவதில்லை. பெட்டியில் எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரமணிசந்திரன், சிவசங்கரி, ராஜேஷ்குமார் என்று ஒரே மூச்சில் படிக்கக்கூடிய கதைகளை முதலில் வைக்க வேண்டும். மாத நாவல்களை இலக்கியத்தில் சேர்க்கலாமா என்ற சர்ச்சையை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் பின் விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பத் தொடங்குகிறவருக்கு எடுத்த எடுப்பில் கனமான நூலைக் கொடுத்து, "பார், இவர்கள் படிப்பதில்லை" என்று முடிவுகட்டுவது அநியாயம். நாவலைப் படித்து முடித்தவர் அடுத்த மாதம் வேறொன்றைத் தானே கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடக் கூடாது. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் தொழிலாளிப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றவும், மளிகை வாங்கவும் போய்விடும் நாள். அன்று மாலை நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை நூலகம் வைத்தால், பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் அம்மாவும் வருவார். பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்ன நூல்கள் வெளிவந்தன. அழகான படங்களோடு, பிள்ளைகள் பேசும் தமிழில் எழுதப்பட்டவை. அவை பள்ளியோடு நின்றுவிட வேண்டுமா? நூலகத்தில் பாய் விரித்து ஞாயிறு மாலை அவற்றைப் பரப்பினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் சேர்த்துப் பயன்படும்.

வீட்டு வரியில் ஒரு பங்கு

நூலகத்தைப் பற்றி உரிமையோடு பேச நமக்குக் காரணம் இருக்கிறது. அது தானமாகக் கிடைத்ததில்லை.

சென்னை மாகாணத்தில் பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்ற முயற்சி சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. 1933இல் பஷீர் அகமது சையீது சட்டமன்றத்தில் நூலக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. பின்னாளில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானதும், சென்னையில் பெண்களுக்காக எஸ்.ஐ.இ.டி. கல்லூரியை உருவாக்கியதும் பலருக்குத் தெரியும். நூலகத்துக்காக அவர் எழுந்து பேசியது அவ்வளவாகத் தெரியாது. சுதந்திரத்துக்குப் பின், கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்த மசோதா 1948இல் சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரங்கநாதனின் கைவண்ணம் அதில் நிறைய.

அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி அமைப்பு இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இப்போதைய விகிதம் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூறு ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியே அதில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி, திருமண மண்டபம், கடை என்று வரி விதிக்கப்படும் கட்டடம் எதுவானாலும் அதன்மேல் நூலக வரியும் உண்டு. அப்பர் தைக்கும் பெண் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடத்தின் வரியிலிருந்தும் நூலகத்துக்குக் காசு போகிறது. அந்தக் காசில் வாங்கிய நூல் அவர் கைக்கு வருவதற்கு மட்டும் வழி இல்லாமல் இருக்கிறது.

வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவையில் வைப்பது நெடுநாள் குறை. நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை, நாளிதழ் குறைந்துவிட்டது, கழிப்பறை இல்லை என்று நூலகரிடம் கோபப்படுகிறோம். பெண்கள் நீண்ட நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் கழிப்பறை அடிப்படைத் தேவை. அதைப் பற்றி யாரும் கூச்சப்படாமல் பேச வேண்டும். அந்தக் கோபத்தில் பாதியைப் பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் கொண்டுபோய், எங்கள் ஊரிலிருந்து சென்ற ஆண்டு வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்று கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்து கையில் இருக்கிறது.

அலமாரியில் இந்த ஊர் இருக்கிறதா?

நேரம் சரியானால் போதாது. உள்ளே வந்தவருக்குத் தன் ஊரும் தன் வாழ்க்கையும் அலமாரியில் தெரிய வேண்டும்.

நாட்றம்பள்ளி வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் உருவானபோது அதன் வட்டங்களில் ஒன்றானது. ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. வாணியம்பாடியும் ஆம்பூரும் உருது பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள். தெலுங்கு வீட்டுமொழியாக உள்ள கிராமங்கள் இந்தப் பக்கம் உண்டு. கடைத்தெருவில் ஒரே ஆள் மூன்று மொழிகளில் பேரம் பேசுவதைப் பார்க்கலாம். நூல் கொள்முதல் பெரும்பாலும் மாநில அளவில் முடிவாவதால், இந்த மொழிக் கலவை அலமாரிக்கு வந்து சேர்வது கடினம். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு தட்டு உருது, ஒரு தட்டு தெலுங்கு, அவற்றிலிருந்து தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்புகள் பக்கத்திலேயே இருந்தால் போதும். வாணியம்பாடியில் 1919இலிருந்து இஸ்லாமியாக் கல்லூரி இருக்கிறது. எந்த உருது நூலை வாங்கலாம் என்று சொல்ல அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இந்த அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று பாலாறு.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு. தோல் கழிவால் அது பட்ட பாட்டை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் திருப்புமுனை. மாசுபடுத்துகிறவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும், ஆபத்து வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கைகள் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக இந்த வழக்கில்தான் நிலைபெற்றன. அதன்பின் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றி விரிவாகத் தீர்ப்பளித்து, ஆற்றைச் சீர்செய்யும் பணியைக் கண்காணிக்கக் குழு அமைக்க உத்தரவிட்டது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் நம் ஆற்றின் வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி நிலத்தைத் தரிசாகப் போட்ட விவசாயியின் மகன் அதைத் தன் ஊர் நூலகத்தில் எளிய தமிழில் எடுத்துப் படிக்க முடிய வேண்டும். ஆலைக்காரர்கள் தரப்பையும் அதே தட்டில் வைக்கலாம்: பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எப்படி இயங்குகின்றன, சென்னையில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்னென்ன மாற்று முறைகளைக் கண்டுபிடித்திருக்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியவை. ஒரே பிழைப்பையும் ஒரே தண்ணீரையும் நம்பியிருக்கும் ஊரில், இரண்டு தரப்பும் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரே இடம் நூலக அலமாரியாகத்தான் இருக்கும்.

அன்றாடப் பிரச்சினைகளும் அங்கே தீர வேண்டும். பி.எஃப். பணம் எடுப்பது எப்படி, கம்பெனி மாறினால் பழைய கணக்கு என்ன ஆகும், இ.எஸ்.ஐ. அட்டையில் குழந்தை பெயரைச் சேர்ப்பது எங்கே, பேறுகால விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்வது யாருக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுக்கிறார்கள். கணினி உள்ள நூலகத்தில் வாரத்தில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் உதவிக்கு உட்கார்ந்தால் போதும். பி.எஃப். படிவத்துக்காக நூலகப் படியேறியவர், போகும்போது ஒரு புத்தகத்தோடு போவார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்று நூலகத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள். 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்களுக்கென 22 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். வேலை கிடைக்காதவர்கள் அப்புறம் நூலகத்துக்கு வருவதே இல்லை என்பதுதான் வருத்தம். அவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலியும் அமைதியும் கிடைத்தன. ஆனால் தேர்வுக்கு வெளியே ஒரு நூலை யாரும் கையில் கொடுக்கவில்லை. தேர்வைத் தாண்டியும் படித்த ஒருவர் இந்தப் பக்கத்தில் இருந்தார். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலம் கெட்டு வேலையை விட்டு, தானாகவே தமிழ் படித்து வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாக வந்தார். பிறகு திருப்பத்தூரிலேயே பள்ளித் தமிழாசிரியரானார். அவர்தான் மு.வரதராசன். 'அகல் விளக்கு' நாவலுக்காக 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தேர்வுக்குப் படிக்க வந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம் நூலகர் சொல்ல வேண்டிய கதை அவருடையது.

இந்த மாவட்டத்திலேயே, காவலூரில், வைணு பாப்பு வானாய்வகமும் இருக்கிறது. அங்கேயிருந்து 1988இல் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். ஒரு மாலை அங்கிருந்து ஒரு விஞ்ஞானியை நூலகத்துக்கு அழைத்து வந்து மொட்டை மாடியில் பேசவைக்க எவ்வளவு செலவாகும்?

முறத்தோடு ஒரு வாசிப்பு

கம்பெனிக்குப் போகாத பெண்களும் இந்த மாவட்டத்தில் நிறைய. வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள். கை ஓய்வதில்லை, காது ஓய்ந்திருக்கிறது.

இதை அறிந்து நடந்துகொண்டவர்கள் உலகத்தில் உண்டு. கியூபாவின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865இலேயே தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து ஒருவரை அமர்த்தி, வேலை செய்யும்போது நாளிதழும் நாவலும் படித்துக் காட்டச் செய்தார்கள். நம் பக்கத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் அந்த வழக்கம் இருந்தது. 1969இல் தொழிலாளர்களே கூட்டுறவாகத் தொடங்கிய தினேஷ் பீடியின் கூடங்களில் காலையில் நாளிதழும் பிற்பகலில் கதைகளும் உரக்க வாசிக்கப்பட்டன. வாசிப்பவருடைய பங்குக்கு மற்றவர்கள் பீடி சுற்றிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அங்கே நாவல்களைக் காதால் படித்து முடித்தார்கள். மலையாள நாட்டின் அரசியல் விழிப்பில் அந்தக் கூடங்களுக்குப் பங்கு உண்டு.

நம் பெண்கள் கூடத்தில் சுற்றுவதில்லை. அவரவர் வீட்டில், தெருவுக்கு நாலு பேராக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். அதுவும் வசதிதான். தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணை நூலகம் பிடித்துக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலை அரை மணி நேரம் அவர் உரக்க வாசிக்கட்டும். பீடித் தொழிலாளர் நல நிதி 1976இலிருந்து சட்டப்படி இருக்கிறது, அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கிறது என்ற செய்தியிலிருந்தே வாசிப்பைத் தொடங்கலாம். அடுத்து ஒரு கதை. இந்தத் தெருவாசிப்புக்குக் கட்டடமும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம்.

பூட்டிய கட்டடங்கள் சொல்வது

இவ்வளவையும் நூலகர் ஒருவரே செய்ய முடியாது. பல ஊர்களில் திறப்பவரும் பெருக்குபவரும் பதிவேடு எழுதுபவரும் ஒரே ஆள். சில இடங்களில் அவர் இன்னொரு நூலகத்துக்கும் பொறுப்பு. அவரைக் குறைசொல்வது எளிது, நியாயமில்லை.

ஆள் இல்லாமல் கட்டடம் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பாடம் இருக்கிறது. 2006இலிருந்து 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் கொடுத்தார்கள். பெரிய கனவு. ஊராட்சிதோறும் கட்டடம், அலமாரி, நூல்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 750 ரூபாய். அந்தக் காசுக்கு ஒருவர் எத்தனை மணி நேரம் உட்காருவார்? கட்டடங்களில் பல பூட்டப்பட்டன. பல இடங்களில் நூல்கள் மூட்டைக்குள் கிடந்தன. பின்னர் சீரமைக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. நாட்றம்பள்ளி ஒன்றியத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் கட்டடம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

கேரளம் எதிர்த் திசையிலிருந்து தொடங்கியது. 1945இல் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார் பி.என்.பணிக்கர். அங்கே ஊர்க்காரர்கள் நூலகத்தை முதலில் நடத்தினார்கள். அரசு பிறகு வந்து துணைநின்றது. பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு நூல் கொடுக்கும் ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. நம்மிடம் முதலிலேயே சட்டம் இருந்தது, வரி இருந்தது, நூலகம் அரசு கொடுத்து வந்தது. அதனாலேயே நாம் நூலகத்தை அரசு அலுவலகமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அரசு கட்டிய நூலகத்தை ஊர் தன்னுடையதாக்கிக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் உண்டு. ஆயிரம் ரூபாய் கொடுப்பவர் நூலகப் புரவலர் ஆகலாம். இந்த வட்டங்கள் பல ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேரின் கூட்டமாக இருக்கின்றன. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. அந்த வட்டத்தில் ஒரு ஷூ கம்பெனிப் பெண், ஒரு பீடித் தொழிலாளி, ஒரு விவசாயி, ஒரு பள்ளி மாணவி உட்காரும் நாளில் நூலகத்தின் நேரமும் மாறும், நூல்களும் மாறும்.

சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் நமக்குப் பெருமை. அவற்றில் கூட்டம் நிரம்பி வழிவதே தமிழர்கள் வாசிப்பை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சுக்குப் பதில். ஆனால் நாட்றம்பள்ளியிலிருந்து கோட்டூர்புரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பெரிய நூலகங்களில் கிடைக்கும் நீண்ட நேரமும் குளிர்ந்த குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் குழந்தைகள் பகுதியும் கொஞ்சமேனும் ஊர் நூலகத்துக்கு வர வேண்டும். முதலில் வர வேண்டியது நேரம். வாரத்தில் மூன்று நாளாவது இரவு எட்டரை வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். பகலில் அந்த அளவு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கூடுதலாக ஓர் ஆளை அமர்த்தும் செலவை நூலக வரியிலிருந்து கொடுக்க வேண்டும். கம்பெனி நிர்வாகங்கள் தங்கள் வண்டிகளில் நூல் பெட்டி வைக்க அனுமதி கொடுத்தால், அவர்களுக்கு அதில் ஒரு காசு செலவில்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் பெரும்பாலானவை அரசு விடுமுறை நாள்கள் என்பதால் கம்பெனிக்குப் போகிறவர்களும் வரலாம். அடுத்து வரும் கிராம சபைக்கு இரண்டு தீர்மானங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்று, எங்கள் ஊர் நூலகத்தைத் தொழிலாளர்கள் வீடு திரும்பிய பிறகும் திறந்து வைக்க வேண்டும். இரண்டு, எங்கள் ஊராட்சியில் வசூலான நூலக வரியின் கணக்கை இந்தச் சபையில் வாசிக்க வேண்டும். நாட்றம்பள்ளி பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் இதே இரண்டு கோரிக்கைகளைத் தங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.